அத்தியாயம் 7: முதலில் கை, பிறகு கதை

ஞாயிற்றுக்கிழமை இரவு, ஊருக்குப் போன் போடும் நேரம். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேம்மா.” “படிப்பெல்லாம்?” “போகுது.” “உடம்பு?” “நல்லாத்தான் இருக்கேன். சமாளிச்சுக்கிறேன், நீ கவலைப்படாதே.” நான்கே நிமிடம். கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் படிக்க வந்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். அந்த நான்கு நிமிடத்துக்குள் வராமல் போனவையும் ஓரளவு தெரியும்: மூன்று நாளாக மைலோவும் ரொட்டியும் மட்டும் இறங்கிய வயிறு, தோற்றுப்போன ஒரு பாடம், அறைத்தோழனோடு பேச்சு நின்றுபோன வாரம், தாத்தா இறந்த செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு அப்படியே வகுப்புக்குப் போன காலை.

சமாளிப்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் பல பிள்ளைகள் முதல் ஆண்டைத் தாண்டுகிறார்கள். ஆனால் சமாளிப்பது தனியாளாகச் செய்யும் வேலை. விழுந்தவர் எழுவதற்கு, விழுந்ததைச் சொல்லக் கேட்கும் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளையும் அந்தப் பேச்சையும் எப்படி உண்டாக்குவது என்பதுதான் இந்த அத்தியாயம். விடுதிப் பொறுப்பாளர், விரிவுரையாளர், மாணவர் சங்கச் செயலாளர், கோவில் இளைஞர் பகுதித் தொண்டர் என்று யார் வேண்டுமானாலும் இதை நடத்தலாம். மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. நிதானம் இருக்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளின் நிலைமையையும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஸ்டூடன்ட் பாஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வகுப்பு வருகை 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. பகுதிநேர வேலை என்றால் பருவ விடுமுறையில்தான், அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரம். மனசு சரியில்லை, ஒரு மாதம் ஊருக்குப் போய்வருகிறேன் என்று நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. ஆகவே நாம் செய்வது எதுவும் அவர்களுடைய வகுப்பு நேரத்தைத் தொடக்கூடாது, பணமும் கேட்கக்கூடாது.

நான் செய்த தவறு

நான் நடத்திய முதல் சந்திப்பைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை. குளிரூட்டி, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், நடுவில் ஒரு பெட்டி டிஷ்யூ. “இங்கே வந்த பிறகு உங்களுக்கு நேர்ந்த கஷ்டமான அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று ஆரம்பித்தேன். முதலில் பேசியவர் நன்றாகப் பேசினார். இரண்டாமவர் அழுதார். மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பையன், யாழ்ப்பாணப் பக்கம், தன் முறை வருவதற்குள் எழுந்து கழிப்பறைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. பிறகு எந்தச் சந்திப்புக்கும் வரவில்லை. அவனிடம் நான் கேட்டது ஒரு கேள்விதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது விசாரணை. அவன் வீட்டில் ஏற்கெனவே எத்தனை பேர் எத்தனை அலுவலகங்களில் அப்படி உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

காயத்தைக் காட்டச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். இந்த நூலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இலங்கையிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது, எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். பால் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும், அந்த ஊர் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை பால் சற்குணநாயகமும் முன்னின்றார்கள். போரில் வீட்டையும் உறவையும் இழந்த தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் பேருந்தில் ஒன்றாக வருவார்கள். களிமண் பிசைவது, வண்ணம் தீட்டுவது, செடி பார்ப்பது, கதை கட்டுவது, அதையே நடித்துப் பார்ப்பது. “உனக்கு என்ன நடந்தது, சொல்” என்று அங்கே ஆரம்பிப்பதில்லை. சொல்ல வேண்டியது களிமண்ணில் வந்தது, கட்டிய கதையில் வந்தது, வராமலும் போனது. வராததை யாரும் இழுக்கவில்லை.

தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் இதே முடிவுக்கு வந்தார்கள். எய்ட்ஸில் பெற்றோரை இழந்த குழந்தைகளிடம் துயரத்தையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால் குழந்தைகள் இன்னும் உடைகிறார்கள் என்று கண்டு, காசெலோ இங்குபே, டேவிட் டென்பரோ இருவரும் ‘வாழ்க்கை மரம்’ என்ற பயிற்சியை வகுத்தார்கள். குழந்தை ஒரு மரம் வரையும். வேர், தான் வந்த இடம், தண்டு, தன் திறமைகள், கிளை, ஆசைகள், இலை, தனக்கு வேண்டியவர்கள், பழம், பிறர் தனக்குத் தந்தவை. கால் ஊன்ற இடம் கிடைத்த பிறகுதான் புயலைப் பற்றிப் பேச்சு.

இதை நான் இங்கே செய்து பார்த்தபோது திருநெல்வேலிப் பக்கத்து மாணவி ஒருத்தி பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். “ஏன்மா?” என்றேன். “எங்க ஊர் மரம் பனைதான் அக்கா. பனைக்குக் கிளை இல்லையே?” என்றாள். அன்றிலிருந்து கிளையோடு மரம் போட்ட தாளை நான் அச்சடித்துக் கொடுப்பதில்லை. அவரவர் தெரிந்த மரத்தை வரையட்டும். பனை என்றால் ஓலை, பாளை, நுங்கு, கருக்கு எல்லாம் இருக்கிறது. கருக்கு எது என்று அவளே எழுதினாள், நான் கேட்கவில்லை.

ஏன் கேரி தீவு

சந்திப்பு அறையை விட்டு வெளியே போக வேண்டும் என்று தோன்றியபோது எனக்குக் கிடைத்த இடம் கேரி தீவு. சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்தில், கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரித்துவிட்ட துண்டு. பாலம் இருப்பதால் தீவுக்குள் நுழைந்ததே தெரியாது. இருபுறமும் செம்பனை, செம்பனை, செம்பனை. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயர்தான் தீவுக்கு. முன்பு ரப்பர், இப்போது எண்ணெய்ப்பனை.

இந்தத் தோட்டங்களுக்கு நடுவே மா மெரி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. மலேசியப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவு. ‘மா மெரி’ என்றால் காட்டு மக்கள் என்று பொருள். அந்தக் காட்டின் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. அவர்களுடைய முன்னோர்களை ‘மோயாங்’ என்கிறார்கள். ஒவ்வொரு மோயாங்குக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையை முகமூடியாகவும் சிற்பமாகவும் செதுக்குகிறார்கள். சிற்பத்துக்கு அலையாத்திக் காட்டில் விளையும் ‘ஞீரே பத்து’ என்ற கனமான சிவப்பு மரம். முகமூடிக்கு இலகுவான ‘பூலாய்’ மரம். சங்கிலியில் கட்டிய புலி என்று ஒரு சிற்பம் உண்டு. புலியும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரே மரத்துண்டில், ஒட்டில்லாமல் வெட்டியெடுத்தவை. காஞ்சி வரதராஜர் கோவில் நூற்றுக்கால் மண்டபத்தின் கல்சங்கிலியைப் பார்த்தவர்கள் அதன் முன் நின்றால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தீவில் இன்னொரு கதையும் கிடக்கிறது. அது நம்முடையது. தோட்டங்களில் பால்மரம் சீவவும் காடு வெட்டவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ரஜுலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, பினாங்கிலோ அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் கொண்டிருந்த கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கியவர்கள். இந்த ஆற்றங்கரை மனிதர்களின் மலாயா அவசரகால வாழ்க்கையை அ. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ என்ற நாவலாகவே எழுதியிருக்கிறார். தீவுக்குப் போகுமுன் நீங்களாவது படித்துவிடுங்கள். அவர்களில் எழுதத் தெரியாதவர்கள் வாத்தியாரிடமோ தோட்டக் கணக்கரான கிராணியிடமோ சொல்லி ஊருக்குக் கடுதாசி எழுதவைப்பார்கள். அந்தக் கடுதாசிகளின் முதல் வரி எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான்: இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் உங்கள் நலமறிய ஆவல். மலேரியாவில் பிள்ளை செத்த வாரத்திலும் இவ்விடம் யாவரும் நலம்தான். நம் பிள்ளைகளின் ‘சமாளிச்சுக்கிறேன்’ அந்தக் கடுதாசியின் பேரப்பிள்ளை. கடுதாசியில் சொல்லாததை அந்தத் தலைமுறை தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வேலைக்காட்டுப் பாட்டிலும் சொன்னது. நேராகச் சொல்ல முடியாததற்கு ஒரு வடிவம் கிடைத்ததும் வாய் திறந்தது. இதே வேலையைத்தான் இன்று கையில் ஓலையைக் கொடுத்துச் செய்யப் பார்க்கிறோம்.

ஒரு நாள் பயணம்

பன்னிரண்டு பேருக்கு மேல் அழைத்துப் போகாதீர்கள். கூட உங்களைச் சேர்த்து இரண்டு பொறுப்பாளர். தீவுக்கு ரயில் கிடையாது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கம்யூட்டரில் கிள்ளான் வரை வந்து அங்கிருந்து வேன் பிடிக்கலாம். நேரே கோலாலம்பூரிலிருந்து வேன் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். குழுவில் ஹலால் பார்ப்பவரும் சைவமும் இருப்பார்கள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் யாரையும் ஒதுக்காது. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து.

சுங்கை பும்பூன் கிராமத்தில் மா மெரி பண்பாட்டுக் கிராமம் இருக்கிறது. முன்கூட்டியே பேசி நாள் கேளுங்கள். ‘நடனம் பார்க்க வருகிறோம்’ என்று சொன்னால் நடனம் காட்டி அனுப்பிவிடுவார்கள். ‘பெண்களிடம் ஓலை பின்னக் கற்றுக்கொள்ள வேண்டும், இரண்டு மணி நேரமாவது வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஹரி மோயாங் என்ற முன்னோர் திருநாள் சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் வரும். நாளை கிராமம்தான் முடிவுசெய்யும். அந்த நாட்களில் பயிற்சி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். அழைத்தால் விருந்தாளியாகப் போங்கள்.

பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது ஒன்று: முகமூடி மோயாங்கின் முகம். அதை மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பது நம் குலதெய்வச் சிலைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் எடுப்பது மாதிரி. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது. இன்னொன்றை உங்களுக்கே சொல்ல வேண்டும். மா மெரி மக்கள் காட்டை இழந்தும் கலையைக் காத்தார்கள், ஆகவே நீங்களும் மனம் தளராதீர்கள் என்று வேனில் ஒரு சொற்பொழிவு ஆற்றிவிடாதீர்கள். நமக்குப் பாடமாக இருப்பதற்காக அவர்கள் அங்கே வாழவில்லை. அவர்கள் அன்று நமக்கு ஆசிரியர்கள், கற்றுத்தருவது ஓலை.

போய் இறங்கியதும் அறிமுகப் படலம் வேண்டாம். பெயர், நாடு, படிப்பு என்று சுற்றிவந்தால் எல்லோரும் மறுபடி விசா அலுவலக வரிசையில் நிற்பது போல ஆகிவிடுகிறார்கள். பாயில் உட்காருங்கள், ஓலையைக் கையில் வாங்குங்கள், அவ்வளவுதான். நீங்களும் பின்னுங்கள். பொறுப்பாளர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது தேர்வு அறை. குழுவில் மலாய் தெரிந்த உள்ளூர் மாணவர் ஒருவராவது இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளராக அவருக்கு ஒரு வேலை கிடைக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவ வந்தவர் என்ற உயரத்திலிருந்து அவரும் பாய்க்கு இறங்கிவிடுவார்.

அவர்கள் பின்னுவது மெங்குவாங். நம் மொழியில் தாழை. ஓரத்து முள்ளையும் நடு நரம்பு முள்ளையும் சீவி, ஒரே அகலத்தில் கீறி, பதப்படுத்திக் காயவைத்த கீற்றுகள். தென்னை, நீப்பா ஓலையில் பூவும் பறவையும் மடிப்பது இன்னொரு கலை. நடனக்காரர்களின் தலைக்கும் இடுப்புக்கும் அந்த மடிப்புகள்தான் அணிகலன். தேர்த்திருவிழாவுக்குக் குருத்தோலைக் கிளி செய்த கைகளுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். பனைக்குக் கிளை இல்லை என்றாளே, அந்த மாணவி நான்கு கீற்றுகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஐந்தாவதை எங்கே நுழைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கற்றுத்தந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அவள் சுட்டுவிரலைப் பிடித்து ஒரு கீற்றின் கீழே வைத்தார். உடனே அவள் கை வேகம் பிடித்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, திருப்பு, இழு. எங்களுக்கெல்லாம் ஒரு வரிசை முடிவதற்குள் அவளுக்கு அடிப்பாகமே முடிந்துவிட்டது. “எங்க ஆச்சி இப்படித்தான் பெட்டி முடைவாங்க” என்றாள், யாரையும் பார்க்காமல். எதிரே இருந்த கிளிநொச்சி மாணவன் நிமிர்ந்தான்: “முடையிறது எண்டோ சொல்லுவியள்? நாங்கள் இழைக்கிறது எண்டு சொல்லுறது. எங்கட அம்மம்மா நீத்துப்பெட்டி இழைக்கிறவா.” “நீத்துப்பெட்டின்னா?” “புட்டு அவிக்கிறது.” “பனையோலையிலயா புட்டு? நாங்க கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்போம்!” மொழிபெயர்க்க வந்திருந்த கிள்ளான் பிள்ளை இதை மலாயில் அந்த அம்மாளுக்குச் சொன்னாள். அவர் சிரித்து, “அன்யாம்” என்றார். மலாயில் பின்னுவதற்கு அதுதான் சொல். பிறகு தம்முடைய மொழியிலும் ஒரு சொல் சொன்னார். வங்காளதேசத்து மாணவன் தன் பாட்டியின் சீதல்பாட்டிப் பாயைப் போனில் தேடிக் காட்டினான். அரை மணி நேரம் ஓடியது. அதற்கு நடுவில் கிளிநொச்சிப் பையன், அந்த அம்மம்மா இப்போது இல்லை என்பதையும், அவர் போனபோது தான் இங்கே தேர்வு எழுதிக்கொண்டிருந்ததையும், கீற்றை இழுத்துக்கொண்டே சொன்னான். யாரும் “ஐயோ” என்று அவன் பக்கம் திரும்பவில்லை. கைகள் நிற்கவில்லை. ஆச்சியின் பேத்தி மட்டும், “எந்தப் பரீட்சை?” என்று கேட்டாள். அவன் சொன்னான். நாற்காலி வட்டத்தில் இரண்டு மாதத்தில் வராதது பாயில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது.

கை வேலையில் இருக்கும்போது கண்ணுக்கு ஒரு இடம் கிடைக்கிறது. மௌனம் சங்கடமாக இருப்பதில்லை. கோணலாகப் போன பின்னலைப் பார்த்து எல்லோரும் சிரிக்கலாம். சொன்னதும் வேலையைத் தொடரலாம், சொன்னதிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. திண்ணையில் பூக்கட்டிக்கொண்டும், களத்தில் நெல் புடைத்துக்கொண்டும் நம் பெண்கள் பேசியதெல்லாம் இப்படித்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் கேட்டு வைத்துப் பேச அழைக்கலாம். சாப்பாட்டில் அவரும் நம்மோடு உட்காரட்டும், வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்யுங்கள். விடியற்காலைப் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக் கொட்டகை, கடுதாசி. மூன்றில் ஒன்றைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் தாமே வரும்.

பதினைந்து நிமிடம்

கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். எழுதியதை யாரும் கேட்கமாட்டார்கள், படிக்கமாட்டார்கள், கிழித்துப்போட்டாலும் சரி.

இதற்கு அடிப்படை உண்டு. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதவைத்தார்கள். தங்களை வருத்திய நிகழ்ச்சியையும் அதனால் பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆகவே எழுதவைத்துவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எழுதிய பிறகு வேன் பயணம் இருக்கிறது, வழியில் மாமாக் கடையில் ஒரு தே தாரிக் இருக்கிறது. அது இந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. நேரமாகிவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். வேனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல், வெளியே ஓடும் செம்பனையைப் பார்த்துக்கொண்டு பேசும் பேச்சில் சிலசமயம் நாள் முழுவதிலும் வராதது வரும்.

பிரிக்பீல்ட்ஸில் தொடர்ச்சி

ஒரு நாள் பயணம் ஒரு நாள் பயணம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து தடவையாவது அதே பன்னிரண்டு பேர் கூட வேண்டும். புதியவர்களை நடுவில் சேர்க்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் எல்லோருக்கும் வசதி. கேஎல் சென்ட்ரல் பக்கத்தில். பாட்டும் பரதமும் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் 1981இல் தொடங்கி, இன்று அங்கே இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அவர்களுக்குத் தனியே ஒரு வீடு மாதிரி; அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

களிமண்ணை இந்தச் சந்திப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1881இல் கோலாலம்பூர் நகரம் தீயில் எரிந்தது, அதே ஆண்டில் வெள்ளத்திலும் மூழ்கியது. பிறகு செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவாகி, இங்கே போட்ட செங்கல் சூளைகளால்தான் இந்த இடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர். மண்ணைக் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள். உங்கள் வீட்டில் உங்களுக்குப் பிடித்த ஒரு மூலையைச் செய்யுங்கள் என்று மட்டும் கேளுங்கள். அடுப்படி வரும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரும், ஒரு பிள்ளை கதவை மட்டும் செய்வாள்.

இங்கேதான் கேட்பவருக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. ஒருவர் தான் செய்ததைக் காட்டிச் சொன்ன பிறகு, மற்றவர்கள் அறிவுரை கூறக்கூடாது. “எனக்கும் அப்படித்தான்” என்று தன் கதையை மேலே ஏற்றக்கூடாது. “நீ ரொம்ப தைரியசாலி” என்ற பாராட்டும் வேண்டாம். அது கதவைச் சாத்திவிடுகிறது, அடுத்த முறை அவள் தைரியசாலியாகவே வர வேண்டியதாகிவிடும். கேட்டவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நீ சொன்னதில் எந்த வார்த்தை என்னிடம் தங்கிவிட்டது, அதைக் கேட்டபோது என் கண்ணில் எந்தக் காட்சி வந்தது. “கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கலைன்னு சொன்னீங்க. எங்க வீட்டுல பகல்ல கதவே சாத்தமாட்டாங்க, அது ஞாபகம் வந்துச்சு.” இப்படி ஒரு வரி திரும்பி வரும்போது சொன்னவர் முகத்தைப் பாருங்கள்.

மூன்றாவது சந்திப்பில் வீட்டுப்பாடம் ஒன்று கொடுங்கள். ஞாயிறு போனில் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நீங்கள் தோற்றுப்போன, பயந்துபோன ஒரு காலம் எது, அப்போது யார் கூட இருந்தார்கள்? எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்துக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், குடும்பத்துக்கு வந்த கெட்ட காலம் எது என்பது போன்ற கேள்விகள். விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் அதிகம் இருந்தது. விடைகளை மனப்பாடம் செய்வதால் பயனில்லை, அந்தக் கதைகள் பேசப்படும் வீடாக இருப்பதுதான் காரணம் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஏறிய கதை மட்டும் சொல்லும் குடும்பமும், விழுந்த கதை மட்டும் சொல்லும் குடும்பமும் பிள்ளைக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஏறினோம், விழுந்தோம், மறுபடி ஏறினோம் என்று இரண்டையும் சொல்லும் குடும்பம் உதவுகிறது. நம் வீடுகளில் பிள்ளை வெளிநாடு போனதும் விழுந்த கதைகள் நின்றுவிடுகின்றன. இரு பக்கமும் நலமறிய ஆவல்.

செய்தவற்றைக் கண்காட்சி வைக்கலாமா என்று கேட்பார்கள். கல்லூரி விளம்பரத்துக்குப் படம் கேட்டும் வருவார்கள். கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையின் அடுப்படி பல்கலைக்கழகச் சிற்றேட்டின் அட்டைக்கு வந்தால், அடுத்த பிள்ளை அட்டைக்கு ஏற்ற மாதிரிதான் செய்வான். பிள்ளைகளே கூடிப் பேசி, பார்க்கத் தகுந்தவர்களை அழைத்து, ஒரு மாலை வைத்துக்கொண்டால் அது வேறு.

கதை போதாதபோது

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுப்போனவர், சாப்பாட்டை விட்டவர், வைத்திருந்த பொருட்களையெல்லாம் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிடுபவர், ‘நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி’ என்கிற தொனியில் பேசுபவர் – இவர்களுக்கு ஓலையும் களிமண்ணும் போதாது. தனியே அழைத்து நேராகவே கேளுங்கள்: “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பல்கலைக்கழக ஆலோசகரிடமோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ நீங்களே கூடப் போங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் போன் எடுப்பார்கள்: 03-7627 2929. இந்த எண்ணை முதல் சந்திப்பிலேயே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள், யாருக்கென்று தனியாகக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளை வாயடைக்கும் பயம் ஒன்று உண்டு: வெளியே தெரிந்தால் போலீஸ் வருமோ, விசா போய்விடுமோ. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது. இதைச் சொல்லிவையுங்கள். ஆலோசகரிடம் சொல்வது எதுவரை இரகசியம் என்பதை அந்த ஆலோசகரையே ஒரு சந்திப்புக்கு அழைத்து, பிள்ளைகள் முன் சொல்லவையுங்கள். வந்தவர் பத்து நிமிடம் களிமண்ணும் பிசைந்தால் இன்னும் நல்லது. முகம் தெரிந்தவரிடம் போவது எளிது.

அந்தச் சனிக்கிழமை முடிந்து மூன்று வாரம் கழித்து ஆச்சியின் பேத்தி வந்தாள். தீவில் முடைந்த பெட்டியைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாளாம். மறுநாளே, ஞாயிறும் இல்லை ஒன்றும் இல்லை, மதிய நேரத்தில் போன். ஆச்சி பேசினார். அடி கோணல், முதல் நாலு ஓலையை இறுக்காமல் விட்டிருக்கிறாய், தாழையில் இப்படித்தான் வழுக்கும், தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். அப்படியே பேச்சு போய், ஆச்சி தன் கல்யாணமான புதிதில் முடைந்த பெட்டியை மாமியார் அவிழ்த்துப் போட்ட கதைக்குப் போய், நாற்பது நிமிடம். முடிகிற நேரத்தில் இவள் போன பருவத்தில் ஒரு பாடம் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஆச்சிகிட்ட சொல்லிட்டேன்ல அக்கா. அம்மாகிட்ட அவங்க சொல்லிக்குவாங்க.”